ஊரை அழித்துவிட்டு வேலை தேடு என்கிறார்கள்

"ஈச்சிலம்பற்று என்று போடாதீங்க. திருகோணமலை என்று போடுங்க. முடிஞ்சா கொழும்பு என்றே போடுங்க."

எங்கள் ஈச்சிலம்பற்றுப் பிரதேசத்தில் நடந்த ஒரு தொழில் வழிகாட்டல் கருத்தரங்கில் இதைக் கேட்டேன். திரையில் ஒரு லிங்க்ட்இன் பக்கம் விரிந்து கிடந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் போனை எடுத்து, சொன்னபடியே ஊர்ப்பெயரை அழித்தார்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் மூன்று வருடம் பொருளாளராக இருந்ததாக எழுதியிருந்த ஒரு பெண்ணிடம் வளவாளர் கேட்டார்: "தங்கச்சி, இதுக்குச் சம்பளம் தந்தவங்களா?" "இல்ல சேர்." "அப்ப இது அனுபவம் இல்ல. எடுத்திடுங்க." அதுவும் போனது. போன இடத்தில் டைனமிக், பேஷனேட், டீம் பிளேயர் என்று மூன்று சொற்கள் வந்து உட்கார்ந்தன. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மண்டபத்தில் இருந்த எல்லாப் பக்கங்களும் ஒரே பக்கமாகிவிட்டன. எதை யார் எழுதியது என்று பெயரைப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த வளவாளர் மீது எனக்குக் கோபமில்லை. ஊரெல்லாம் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். யூடியூப் காணொளிகள், கட்டண வகுப்புகள், வெளிநாட்டிலிருந்து அக்கறையோடு அழைக்கும் அண்ணன்மார் என்று எல்லோரும் இதையே சொல்கிறார்கள். உன் பக்கம் கடையின் முன்கண்ணாடி மாதிரி. அதில் தூசு தெரியக் கூடாது. பின்தங்கிய ஊர், சம்பளமில்லாத வேலை, படிப்பில் விழுந்த இடைவெளி எல்லாம் தூசு. அவற்றைத் துடைத்துவிட்டுப் பெரிய சொற்களை அடுக்கு, ஐந்நூறு பேரைச் சேர், நாளுக்கொரு பதிவு போடு, வேலை உன்னைத் தேடி வரும் என்பது அந்தப் போதனை.

இந்தப் போதனையைத்தான் மறுக்கிறேன். லிங்க்ட்இன் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கொழும்பில் பிறந்த பிள்ளைக்கு மாமா ஒருவர் வங்கியில் இருப்பார், அப்பாவின் நண்பர் ஒரு கொம்பனியில் முகாமையாளராக இருப்பார். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வழி இல்லாததால் இந்தத் தளம் அவர்களுக்குத்தான் கூடுதலாக வேண்டும். ஆனால் தூசு என்று சொல்லித் துடைக்கச் சொல்கிறார்களே, அதுதான் இந்தப் பிள்ளைகளின் கைமுதல்.

ஊர்ப்பெயரிலிருந்து தொடங்குகிறேன். மறைக்கச் சொல்பவர்களிடம் வலுவான சான்று இருக்கிறது. அதைத் தட்டிவிட்டுப் போகக் கூடாது. மரியான் பெர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன் என்ற இரு பொருளியலாளர்கள் பொஸ்டனிலும் சிக்காகோவிலும் வெளிவந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 கற்பனைச் சுயவிபரக்கோவைகளை அனுப்பிப் பார்த்தார்கள். தகுதிகள் ஒத்திருந்தும், வெள்ளையர் பெயர் தாங்கியவற்றுக்குக் கறுப்பினத்தவர் பெயர் தாங்கியவற்றைவிட 50 வீதம் அதிகமான அழைப்புகள் வந்தன. 2004இல் வெளியான அந்த ஆய்வில், நல்ல குடியிருப்புப் பகுதியின் முகவரி இருந்தாலும் அழைப்புக் கூடியது. டொரன்டோவில் பிலிப் ஒரியோபொலஸ் செய்த இதேபோன்ற ஆய்வு 2011இல் வந்தது. அங்கே ஆங்கிலப் பெயர்களுக்கு இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர்களைவிட ஏறக்குறைய 40 வீதம் கூடுதலான அழைப்பு. கனடாவில் இருக்கும் எங்கள் உறவினர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆகவே பெயரும் முகவரியும் ஆளுக்கு முன்னால் போய் நின்று கதவைச் சாத்துவது உண்மைதான்.

ஆனால் அந்த ஆய்வுகள் எந்தக் கதவைப் பற்றிப் பேசுகின்றன? முன்பின் தெரியாத ஒருவர் குவிந்து கிடக்கும் கோவைகளைச் சில விநாடிகளில் பிரித்தெறியும் கதவைப் பற்றி. அங்கே ஊரை மறைத்தால் கொஞ்சம் பலன் கிடைக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த படியில் என்ன நடக்கும்? தேசிய அடையாள அட்டை, கிராம சேவகர் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம் என்று இந்த நாட்டில் வேலைக்குக் கேட்கும் ஒவ்வொரு காகிதத்திலும் ஊர் எழுதியிருக்கிறது. லிங்க்ட்இன் பக்கத்தில் கொழும்பு, அடையாள அட்டையில் ஈச்சிலம்பற்று. நேர்முகத் தேர்வில் இருக்கும் பிள்ளை, தான் செய்யாத குற்றத்துக்கு விளக்கம் சொல்லும் நிலைக்கு வருகிறது. முதல் கேள்விக்கே குரல் இறங்கிவிடுகிறது. அந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன்.

இந்தத் தளம் வேலை செய்யும் விதத்தையும் பார்க்க வேண்டும். ஆட்சேர்ப்புச் செய்பவர் தேடும்போது பதவிப்பெயர், திறன், இடம் என்ற மூன்றையும் சேர்த்துத்தான் வடிகட்டுகிறார். கொழும்பு என்று எழுதிய எங்கள் பிள்ளை கொழும்பின் கூட்டத்தில் போய் விழுகிறது. அங்கே அதே பட்டமும் அதைவிட நல்ல ஆங்கிலமும் உள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் நிற்கிறார்கள். அதேவேளை நுண்கடன் நிறுவனத்துக்கோ, காப்புறுதிக் கொம்பனிக்கோ, நீர்வழங்கல் திட்டத்துக்கோ, தொண்டு நிறுவனத்துக்கோ மூதூர், சேருவில, வெருகல் பக்கம் கள உத்தியோகத்தர் தேடுபவரின் திரையில் அந்தப் பிள்ளை வருவதே இல்லை. வெருகல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் எந்த ஒழுங்கை எப்போது வெள்ளத்தில் மூழ்கும், எந்தக் கிராமத்தில் யாரிடம் முதலில் பேச வேண்டும் என்று தெரிந்த ஆளைத் தேடும் வேலைகள் அவை. தான் முதலாவதாக வரக்கூடிய ஒரே வரிசையிலிருந்து தானே விலகி, ஆயிரத்தோராவதாக நிற்க நாங்கள் அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

இடைவெளி பற்றிய அறிவுரை இன்னும் கொடுமையானது. வருடங்களை இழுத்து ஒட்டி இடைவெளி தெரியாமல் செய்யச் சொல்கிறார்கள். எங்கள் பகுதியில் இடைவெளி எப்படி வந்தது? 2006 யூலையில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதைத் தொடர்ந்து சண்டை மூண்டது. மூதூர் கிழக்கிலும் ஈச்சிலம்பற்றிலும் இருந்த சனம் வெருகல் ஆற்றைக் கடந்து கதிரவெளி, வாகரைப் பக்கம் ஒதுங்கியது. நவம்பர் 8ஆம் திகதி, கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமிருந்தவர்கள் மீது எறிகணைகள் விழுந்து பலர் இறந்தார்கள். 2007 ஜனவரியில் வாகரையும் படையினர் கைக்குப் போனது. மிஞ்சியவர்கள் மட்டக்களப்புப் பக்க முகாம்களுக்குப் போனார்கள். மீள்குடியேற்றம் அதற்குப் பிறகு. அன்று உயர்தர வகுப்பில் இருந்தவருக்கு இன்று நாற்பதை நெருங்கும் வயது. முதலாம் ஆண்டில் இருந்த பிள்ளை இப்போது பட்டதாரி. இந்த இருவரின் வருடக் கணக்கிலும் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டைக்காக அவர்கள் யாரிடமும் வெட்கப்பட வேண்டியதில்லை.

லிங்க்ட்இன் 2022 மார்ச்சில் தொழில் இடைவெளியைப் பதிவு செய்ய ஒரு வசதியைக் கொண்டுவந்தது. பிள்ளை வளர்ப்பு, நோய், பயணம், பராமரிப்பு என்று 13 வகைகள் அதில் இருந்தன. இடமாற்றம் என்றும் ஒன்று உண்டு. வேறு நகரத்துக்கு வீடு மாறுகிறவருக்கானது அது; நாங்கள் இடம்பெயர்வு என்ற சொல்லால் குறிப்பது அதுவல்ல. வகை இல்லாவிட்டாலும் எழுத இடமிருக்கிறது. "2006–2008: போரினால் இடம்பெயர்வு, கல்வி தடைப்பட்டது; 2009இல் மீண்டும் தொடங்கி உயர்தரம் முடித்தேன்." இந்த ஒரு வரி போதும். இரக்கம் கேட்க வேண்டாம், விபரிக்க வேண்டாம், திகதி பேசும். முகாமில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதியவர் "சவால்களை விரும்புபவர்" என்று எழுதத் தேவையில்லை.

சம்பளமில்லாத வேலை அனுபவமல்ல என்ற பேச்சுக்கு வருகிறேன். எனக்கு அதிகம் வலித்தது இதுதான்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இந்தக் கரையையும் தாக்கியது. அதன் பிறகும், பின்னர் மீள்குடியேற்ற காலத்திலும் தொண்டு நிறுவனங்கள் வந்தன. எங்கள் இளைஞர்களும் யுவதிகளும் அவற்றில் கள உதவியாளர்களாக, தரவு சேகரிப்பவர்களாக, மொழிபெயர்ப்பாளர்களாக வேலை செய்தார்கள். தற்காலிக வீடுகளுக்குத் தகரம் எண்ணி இறக்கினார்கள். காசுக்கு வேலைத் திட்டங்களுக்குப் பெயர்ப்பட்டியல் போட்டார்கள். பட்டியலில் பெயரில்லாதவரின் கோபத்துக்கு முகம் கொடுத்தார்கள். இவற்றுக்குக் கொழும்பில் விநியோக முகாமைத்துவம், பயனாளி தெரிவு, முறைப்பாட்டுக் கையாளல் என்று பெயர் வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். நிதி முடிந்ததும் அலுவலகங்கள் மூடப்பட்டன. பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள், வாகனங்கள் போயின. பலருக்கு ஒரு கடிதம்கூட மிஞ்சவில்லை. அதனால்தான் அவர்கள் பக்கங்களில் அந்த வருடங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன.

எந்தக் கருத்தரங்கிலும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அலுவலகம் மூடப்பட்டாலும் அங்கிருந்த அதிகாரி எங்கோ இருக்கிறார். அன்று எங்கள் ஊரில் திட்ட இணைப்பாளராக இருந்தவர் இன்று நைரோபியிலோ ஜெனிவாவிலோ கொழும்பிலோ வேறு பதவியில் இருக்கலாம். அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் லிங்க்ட்இனில் இருக்கிறார்கள். நிறுவனத்தின் பெயரையும் வருடத்தையும் போட்டுத் தேடினால் ஆள் அகப்படும். "நான் ஈச்சிலம்பற்றில் உங்கள் குழுவில் இருந்தேன்" என்று எழுதினால் அவருக்கு முகம் நினைவுக்கு வரும். தளத்தில் பரிந்துரை என்ற வசதி இருக்கிறது. அவர் தன் பெயரில், தன் பதவியோடு, உன் வேலையைப் பற்றி நான்கு வரி எழுதலாம். தொலைந்துபோன கடிதத்தைப் பத்துப் பதினைந்து வருடங்களுக்குப் பிறகு திரும்பப் பெற இதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஊர்ப்பெயரை அழித்துவிட்ட ஒருவர் இந்தக் கடிதத்தை எந்த வாயால் கேட்பார்?

வெள்ளமும் அப்படித்தான். மகாவலி பெருகினால் வெருகல் நிறையும். அது எங்களுக்குப் பழகிய கதை. 2011 ஜனவரி வெள்ளத்திலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் பாடசாலைக் கட்டடங்களில் சனம் தங்கியபோது, கிராம சேவகரோடு நின்று குடும்ப அட்டை பார்த்துப் பெயர் எழுதியவர்கள், சமைத்த உணவைக் கணக்குப் பார்த்துப் பிரித்தவர்கள் எங்கள் பிள்ளைகள். எத்தனை குடும்பம், எத்தனை நாள், எதற்குப் பொறுப்பு என்று எழுதினால் அது வேலை அனுபவம். எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாமல் போகும்.

ஐந்நூறு பேரைச் சேர் என்பது அடுத்த கட்டளை. இதற்குப் பின்னால் மதிக்கத்தக்க ஒரு கருத்து இருக்கிறது. மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதிய கட்டுரையில், வேலை பற்றிய புதுச் செய்தி நெருங்கிய சொந்தத்தைவிடத் தூரத்துப் பழக்கத்தின் வழியாகவே வருகிறது என்று வாதிட்டார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது உனக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். இதைப் பிடித்துக்கொண்டு, தூரம் கூடக் கூட நல்லது என்று வகுப்பெடுக்கிறார்கள்.

அந்தக் கருத்தை லிங்க்ட்இனிலேயே வைத்துப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். 2022இல் சயன்ஸ் இதழில் முடிவு வந்தது. உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருக்கலாம் என்று தளம் காட்டும் பரிந்துரைகளை ஐந்து வருடங்களாக மாற்றி மாற்றிக் காட்டி, இரண்டு கோடிப் பேரிடம் பார்த்த சோதனை அது. முடிவு கிரனோவெட்டர் பக்கம்தான் சாய்ந்தது, ஆனால் ஒரு திருத்தத்தோடு. மிக நெருங்கிய உறவு வேலைக்கு அவ்வளவாக உதவவில்லை. பொதுவில் ஒருவரும் இல்லாத முற்றிலும் அந்நியரும் அவ்வளவாக உதவவில்லை. இருவருக்கும் பொதுவாகப் பத்துப் பேரளவில் தெரிந்தவர்கள் இருக்கும் இடைத்தூரப் பழக்கமே அதிகம் உதவியது. கணினியைச் சாராத தொழில்களில் நெருங்கிய உறவின் பலன் கூடுதலாக இருந்தது என்பதும் அதே ஆய்வின் முடிவு. மேசன் வேலைக்கும் வயரிங் வேலைக்கும் இன்னமும் மாமனும் மச்சானும்தான் வழி என்று ஊர் சொல்வதில் பிழையில்லை.

இப்போது அந்த இடைத்தூரத்தில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உன் பாடசாலையில் ஐந்து வருடம் முன்னால் படித்த அண்ணன். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ கோணேசபுரி வளாகத்திலோ உன் பீடத்தில் இருந்து போன அக்கா. எங்கள் பூநகரிலிருந்து கட்டாருக்குப் போய்ப் பொறியியல் கொம்பனியில் களஞ்சியம் பார்ப்பவர். அவரை உனக்குத் தெரியாது, ஆனால் உன் பெரியப்பாவை அவருக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தின் லிங்க்ட்இன் பக்கத்தில் பழைய மாணவர் என்றொரு பிரிவு இருக்கிறது. யார் எந்த நாட்டில், எந்த நிறுவனத்தில், என்ன வேலையில் என்று பிரித்துப் பார்க்கலாம். அதில் முப்பது பேரைக் கண்டுபிடித்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மூன்று வரி எழுதுவது, முகம் தெரியாத ஐந்நூறு பேருக்குப் பொத்தானை அழுத்துவதைவிடப் பெரிய வேலை. ஆய்வு சொல்லும் வழியும் அதுதான். அந்த அண்ணன் உன்னைக் கண்டதும் நின்று பார்ப்பதற்கு உன் பக்கத்தில் இருக்க வேண்டிய ஒரே சொல் ஈச்சிலம்பற்று. அதைத்தான் அழிக்கச் சொன்னார்கள்.

நாளுக்கொரு பதிவு போடச் சொல்வதைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2003இல் தொடங்கிய இந்தத் தளத்தை 2016இல் மைக்ரோசொஃப்ட் 2,620 கோடி டொலருக்கு வாங்கியது. ஆட்சேர்ப்பவர்களுக்குத் தேடல் வசதியை விற்றும், விளம்பரம் காட்டியும், மேலதிக வசதிகளுக்குச் சந்தா வாங்கியும் அது வருமானம் பார்க்கிறது. நீ எழுத எழுத அதற்கு நல்லது. உனக்கு நல்லதா என்பது வேறு கேள்வி. வேலை தேடும் பிள்ளை காலையில் ஒரு மணிநேரம் தன்னம்பிக்கை வாசகம் எழுதுவதைவிட, அந்த ஒரு மணிநேரத்தில் சிங்களத்தில் பத்து வரி எழுதப் பழகலாம். கிழக்கில் கள வேலைக்குத் தமிழும் சிங்களமும் தெரிந்தவருக்கு இருக்கும் மதிப்பு எந்தப் பதிவுக்கும் கிடையாது. ஆங்கிலம் வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். பிழையில்லாத எளிய ஆங்கிலம் போதும். நேர்முகத் தேர்வில் தானே நின்று சொல்லக்கூடிய ஆங்கிலம். இரவல் வாங்கிய சொல்லில் முதல் கேள்வியிலேயே கால் இடறும்.

இதற்கெல்லாம் எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வரும்: இந்த இணைய வேலையெல்லாம் எங்களுக்கு எதற்கு, வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார், அரச வேலை வரும். 2017இல் கிழக்கு மாகாணத்தின் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரம் கொட்டகை போட்டு இருந்ததை நாம் பார்த்தோம். அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் காத்திருப்பது மட்டுமே வழி என்று ஒரு தலைமுறைக்குச் சொல்வது நியாயமில்லை. விண்ணப்பத்தையும் போடு, பக்கத்தையும் எழுது. பட்டமில்லாதவருக்கும் இதில் இடமுண்டு. பல வருடம் மேசன் வேலை செய்து கைதேர்ந்தவர், புதிதாகப் பயிற்சி வகுப்புக்குப் போகாமலே, முன் அனுபவத்தை மதிப்பிடும் முறையில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். என்.வி.கியூ. மூன்றாம் நான்காம் மட்டம் என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரி ஏறினால், கட்டாரில் ஆள் எடுப்பவருக்கு அது உடனே விளங்கும்.

பக்கத்தில் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2023, 2024ஆம் ஆண்டுகளில் கணினி வேலை என்று இணையத்தில் ஆசை காட்டி, தாய்லாந்து வழியாக மியன்மாரின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டுபோகப்பட்ட இலங்கை இளைஞர்களின் கதை நாடறிந்தது. மோசடி முகாம்களில் அடைத்து வைக்கப்பட்டு, அடி வாங்கி, பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்ய வைக்கப்பட்டார்கள். மோசடிப் பக்கம் எப்படி இருக்கும்? அழகான படம், பெரிய பதவி, பெரிய சொற்கள். ஊர் இருக்காது, படித்த பாடசாலை இருக்காது, அவரை உண்மையாகத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். ஆண்டுதோறும் கோடிக்கணக்கான போலிக் கணக்குகளைத் தடுப்பதாகவும் நீக்குவதாகவும் லிங்க்ட்இன் நிறுவனமே அறிக்கை விடுகிறது. நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பக்கம் அந்தப் போலிப் பக்கத்தின் சாயலில் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு வேலை தருகிறேன் என்று எழுதுபவர் வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி பெற்றவரா என்று கேட்கும் பிள்ளை, தன் பக்கத்தையும் சரிபார்க்கத்தக்கதாக வைத்திருக்க வேண்டும். சரிபார்க்க முடிந்த ஆளையே நம்ப வேண்டும் என்ற ஒழுங்கு இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான்.

அந்தப் பொருளாளர் தங்கச்சி இரண்டு கிழமை கழித்து என்னிடம் வந்தது. சங்கத்தின் கணக்குக் கொப்பிகளைக் கொண்டுவரச் சொன்னேன். மூன்று வருடக் கொப்பிகளும் கடன் பதிவேடும் வந்தன. சுழற்சிக் கடன் வாங்கியவர்கள், தவணை, வட்டி, நிலுவை எல்லாம் நீல மையில் வரிசையாக இருந்தன. திருத்திய இடங்களில் குறுக்குக்கோடும் கையொப்பமும் இருந்தன. அழித்து எழுதிய இடம் ஒன்றையும் நான் காணவில்லை. இதை எழுதியவளுக்குக் கணக்கு அனுபவம் இல்லை என்று ஒரு மண்டபமே ஒத்துக்கொண்டதை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது.

இருவருமாக இருந்து எழுதினோம். டைனமிக் போனது, பேஷனேட் போனது. பெயருக்குக் கீழே இப்படி வந்தது: "கணக்குப் பதிவாளர், 42 உறுப்பினர்களின் சுழற்சிக் கடன் நிதியை மூன்று ஆண்டுகள் நிர்வகித்தவர், தமிழ், சிங்களம், ஆங்கிலம்." இடம் என்ற கட்டத்தில் ஈச்சிலம்பற்று, திருகோணமலை மாவட்டம் என்று அவளே அடித்தாள்.

ஆறு நாள் கழித்து முதல் செய்தி வந்தது, தோஹாவிலிருந்து. வேலை தருகிறேன் என்று அதில் ஒன்றுமில்லை. "நீ எந்தப் பக்கம் புள்ள, இலங்கைத்துறையா பூநகரா? ஆற்ற மகள்? என்ர கொம்பனியில கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறவர எனக்குத் தெரியும். என்ன படிச்சிருக்கிறாய் எண்டு விபரமா எழுது" என்று கேட்டிருந்தார். அவள் அன்றிரவே பதில் எழுதினாள், அப்பாவின் பெயரில் தொடங்கி.